தவறிப்போன ரவைகள்

வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலரின் மடியில் கிடக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியை எல்லாரும் பார்த்திருப்போம். லைசென்ஸ் புத்தகத்தில் அதற்கு ‘12 போர் டி.பி.பி.எல்.’ என்று பெயர். அவர் இடுப்புப் பட்டையில் சிவப்பும் பச்சையுமாகச் செருகியிருக்கும் தோட்டாக்களைப் பார்த்து, சினிமா புண்ணியத்தில், ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய குண்டு இருப்பதாக நினைத்துக்கொண்டே உள்ளே போய் டோக்கன் வாங்குகிறோம். இந்த வகைத் துப்பாக்கிக்குச் செய்யும் தோட்டாக்களில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது ஒற்றைக் குண்டல்ல. ஒரு பிடி ரவை.

உப்புமா ரவை இல்லை, துப்பாக்கி ரவை. ஈழத்தில் சன்னம் என்பார்கள். தோட்டாவை நெடுக்காகப் பிளந்து பார்த்தால் அடியில் பித்தளை நிறத்தில் ஒரு குப்பி, அதன் நடுவே ஊசி குத்தியதும் பொறி விடும் கேப், அதற்குமேல் மருந்து, மருந்துக்குமேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணம் நிறைய ரவை. வாய்ப்பக்கம் கொழுக்கட்டையைப்போல மடித்து மூடியிருக்கும். மொத்தத்தில் ஒரு விரல் நீளம். கிண்ணத்தில் பிடிக்கும் ரவையின் எடை சுமார் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம்.

எந்த விலங்குக்கு எந்தத் தோட்டா என்று வேட்டைக்காரர்கள் இரவிரவாகப் பேசுவதெல்லாம் இந்த 28 கிராமை எத்தனை துண்டாகப் பங்கு போடுவது என்பதைப் பற்றித்தான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூட்டை கட்டிவிட்டது. அதனால் லைசென்ஸ், பருவம், தலைக்கு இத்தனை என்ற கணக்கோடு இன்றும் லட்சக்கணக்கானோர் வேட்டைக்குப் போகும் அமெரிக்காவில் வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

முதலில் எண்களைப் பழகிக்கொள்வோம். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் கச்சிதமாக நுழையுமோ அது 12 போர். உள்விட்டம் 18.5 மி.மீ. அதே ஈயத்தை 20 உருண்டையாக்கினால் உருண்டை சிறுக்கும், குழலும் சிறுக்கும்; 20 போர் 15.6 மி.மீ.தான். எண் ஏறினால் அளவு இறங்கும் இந்தத் தலைகீழ்க் கணக்கைத் திருப்பூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. 40ஆம் கவுண்ட் நூலைவிட 80ஆம் கவுண்ட் மெல்லியது. அங்கேயும் ஒரு பவுண்டுக்கு எத்தனை சிட்டம் என்பதே கணக்கு.

ரவையின் எண்ணும் அப்படியே. அமெரிக்க எண்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 17இலிருந்து ரவை எண்ணைக் கழித்தால் வருவது, அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு விட்டம் என்பது. 6ஆம் எண் ரவையென்றால் 17இல் 6 போக 11, 0.11 அங்குலம், 2.8 மி.மீ. பிரிட்டிஷ் 6ஆம் எண் இதைவிடக் கொஞ்சம் பொடி. நம்மூர்க்காரர்கள் சொல்லும் எல்.ஜி., எஸ்.ஜி. போன்ற எழுத்துகள் அந்த பிரிட்டிஷ் வழியில் வந்தவை.

மி.மீ. மனதில் நிற்காது என்றால் அஞ்சறைப்பெட்டியைத் திறந்துகொள்ளலாம். 9ஆம் எண் ரவை ஒரு பெரிய கடுகு. 6ஆம் எண் கம்பு. 2ஆம் எண் சோளம். பி.பி. என்று எழுத்தால் குறிப்பது நல்ல மிளகு. மானுக்கென்று வரும் ‘00’ ரவை, அங்குள்ளவர்கள் வாயில் ‘டபுள் ஆட்’, கொண்டைக்கடலை. ஓர் அவுன்ஸ் ஈயத்தில் கடுகு 585 வரும், கம்பு 225, சோளம் 87, மிளகு 50. கொண்டைக்கடலை, வழக்கமான தோட்டாவில் ஒன்பதே ஒன்பது.

இனி இல்லினாய் ஆற்றங்கரைக்குப் போகலாம். நவம்பர் விடியற்காலை. நீர் நிரம்பிய தாழ்நிலம், நாணலுக்குள் பதுங்கியிருக்கும் இரண்டு பேர், முன்னால் மிதக்கும் பிளாஸ்டிக் பொம்மை வாத்துகள். கனடாப் பக்கத்திலிருந்து மிசிசிப்பியை ஒட்டித் தெற்கே இறங்கும் வலசைப் பாதை இது. வரப்போவது மல்லார்ட், அதாவது பச்சைத் தலைக் காட்டுவாத்து. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். சுடும் தூரம் 40 யார் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 36 மீட்டர்.

துப்பாக்கிக்காரர்கள் ரவை விழும் விதத்தை அளக்க ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள்: 40 யாரில் 30 அங்குல விட்டம். குழல் முனையில் ‘சோக்’ என்ற சிறு இறுக்கம் இருக்கும். முழு இறுக்கமே ஒரு மி.மீ. அளவுதான். அதை வைத்துத்தான் ரவை கூட்டமாகப் போகுமா பரந்து போகுமா என்பது முடிவாகிறது. முழுச் சோக்கில் வட்டத்துக்குள் 70 சதவீதம் விழும், நடுத்தரத்தில் 60, இறுக்கமே இல்லாத வெறுங்குழலில் 40. வட்டத்தின் பரப்பு சுமார் 4,560 சதுர செ.மீ. வாத்தின் உடலில், பட்டால் உடனே விழும் பகுதியை ஓர் உள்ளங்கை அளவு, 100 சதுர செ.மீ., என்று எடுத்துக்கொள்வோம்.

நடுத்தரச் சோக், ஓர் அவுன்ஸ் 6ஆம் எண் ரவை: வட்டத்துக்குள் 135 விழும். சீராக விழுவதாக வைத்தால் உள்ளங்கைக்குச் சராசரி மூன்று. 2ஆம் எண் போட்டால் 52 விழும். உள்ளங்கைக்கு ஒன்றும் கொஞ்சமும். மிளகளவு பி.பி. போட்டால் 30தான், உள்ளங்கைக்கு முக்கால்கூட இல்லை. சராசரி மூன்று என்பதற்கு ஒவ்வொரு முறையும் மூன்று படும் என்று பொருளில்லை. மழைத்துளி தரையில் விழுவதுபோலத்தான். ஓரிடத்தில் நான்கு, பக்கத்திலேயே காய்ந்த திட்டு. நிகழ்தகவுக் கணக்குப்படி சராசரி மூன்றாக இருக்கையில் ஒன்றுகூடப் படாமல் போகும் வாய்ப்பு நூற்றில் ஐந்து. சராசரி முக்காலுக்குக் கீழே போனால் அது நூற்றில் ஐம்பது. குறி அட்சரசுத்தமாக இருந்தாலும் பாதி வாத்துகள் துளைகளுக்கு நடுவே பறந்து தப்பிவிடும். அதைவிட மோசம், காலிலோ இறக்கை நுனியிலோ ஒரே ஒரு ரவை வாங்கிக்கொண்டு நாணலுக்குள் போய் மூன்று நாள் கழித்துச் சாவது.

அப்படியானால் இன்னும் பொடியாகப் போட்டு 585 கடுகையும் அள்ளி வீசினால் என்ன? இங்கேதான் காற்று குறுக்கே வருகிறது.

களத்தில் நெல் தூற்றியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே முறத்திலிருந்து ஒரே காற்றில் விழுந்தாலும் நெல் காலடியில் குவியும், பதர் தள்ளிப் போய்விடும். காற்று தடுப்பது முகப்பரப்பை; அந்தத் தடையைத் தாங்கிப் போவது எடை. உருண்டையின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் முகப்பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். ஆகவே பெரிய ரவை தன் வேகத்தை அதிக தூரம் காப்பாற்றிக்கொள்ளும். பட்ட இடத்தில் ஆழமாகவும் இறங்கும். 6ஆம் எண் ஈய ரவை குழலை விட்டு நொடிக்கு 370 மீட்டர் வாக்கில், ஒலியை முந்திக்கொண்டு புறப்படும். 40 யாரைத் தொடும்போது அதில் மிச்சம் 200 சொச்சம். கடுகளவு ரவை அதைவிடவும் களைத்துப் போயிருக்கும். காட்டுவாத்தின் நெஞ்சில் எண்ணெய் பூசிய இறகு, அதற்கடியில் மெத்தைபோல் தூவி, அதற்கும் கீழே கொழுப்பு. களைத்த கடுகுகள் அதில் பொத்தென்று நின்றுவிடும்.

மருந்தைக் கூட்டி வேகத்தை ஏற்றலாமே என்று தோன்றும். ஏற்றுகிறார்கள், விளம்பரமும் செய்கிறார்கள். ஆனால் வேகம் கூடக் கூடக் காற்றுத் தடை அதைவிட வேகமாகக் கூடும். குழல் வாயில் கூட்டிக் கொடுத்ததில் பெரும் பங்கைப் பாதி வழியிலேயே காற்று வசூலித்துக்கொள்ளும். சுடுபவர் தோளுக்கு மிஞ்சுவது உதை. தூரத்துக்கு வேண்டுமென்றால் ரவையைத்தான் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் எண்ணிக்கை போகும். எந்தக் கம்பெனி எந்தப் பெயரில் விற்றாலும் இந்த இழுபறியிலிருந்து தப்பிய தோட்டா கிடையாது.

இதைப் புத்தகத்தில் படிப்பதைவிடக் காகிதத்தில் பார்ப்பது மேல். பொறுப்பான வேட்டைக்காரர் பருவம் தொடங்குமுன் ஒரு நாள் மைதானத்துக்குப் போவார். கதவளவு வெள்ளைத்தாளைச் சட்டத்தில் மாட்டி, 40 யாரில் நின்று ஒரு முறை சுட்டு, துளைகள் எங்கே நெருக்கமோ அங்கே மையம் வைத்துக் கயிறு கட்டிய பேனாவால் வட்டம் போடுவார். பிறகு ஒவ்வொரு துளைக்கும் மார்க்கரால் ஒரு புள்ளி. எண்ணிக்கை தவறக்கூடாதல்லவா? பத்து முறை சுட்டால் பத்துத் தாள், ஆயிரம் துளைக்கு மேல். ஒரே எண், ஒரே கம்பெனி, ஒரே சோக் என்றாலும் இரண்டு துப்பாக்கிகள் இரண்டு விதமாகத் தூவும். ஈய ரவை மென்மையானது. மருந்து வெடித்துத் தள்ளும் அதிர்ச்சியில் அடி வரிசை ரவைகள் நசுங்கி வடிவம் கெட்டு, பறக்கும்போது ஓரம் போகும். அதைக் குறைக்கத்தான் ஈயத்தில் சில சதவீதம் ஆன்டிமனி கலந்து கெட்டியாக்குகிறார்கள்.

விலங்குகளின் பட்டியலை இந்தக் கணக்கோடு பார்த்தால் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. தெற்கு மாநிலங்களின் பாப்வைட் காடை 170 கிராம். புதரிலிருந்து காலடியில் வெடித்ததுபோல் எழும்பும். கிட்டத்திலேயே சுட வேண்டும். எனவே 8ஆம் எண், பரந்த சோக். செப்டம்பர் தொடக்கத்தில் டெக்சஸ் வயல்களில் இறங்கும் புறாவுக்கு ஏழரை அல்லது 8. ஏழரை என்று ஓர் எண் வைத்திருப்பவர்களின் நுணுக்கத்தைப் பாராட்டத்தான் வேண்டும். அணிலுக்கும் முயலுக்கும் 6. தெற்கு டகோட்டாவின் ஃபெசன்ட் சேவல் ஒரு கிலோவுக்கு மேல். சீனத்திலிருந்து கொண்டுபோய் விட்ட பறவை, இப்போது அந்த மாநிலத்தின் பறவையே அதுதான். பெரும்பாலும் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு எழும்புவதால் வால், இடுப்பு, குடல் எல்லாம் தாண்டி ரவை இறங்க வேண்டும். எனவே 5, சில சமயம் 4.

காட்டு வான்கோழி தனிக்கதை. எட்டு கிலோவுக்குப் போகும் சேவலின் உடலில் இறகுக் கவசம் அத்தனை தடிப்பு. அதனால் உடலைக் குறி வைப்பதே இல்லை. பறக்கவிட்டும் சுடுவதில்லை. பெட்டையின் குரலை மிமிக்ரி செய்து அழைத்து, நின்று கழுத்தை நீட்டும் நேரத்தில் தலையையும் கழுத்தையும் மட்டும் பார்த்துச் சுடுவார்கள். குறி ஒரு வெண்டைக்காய் அகலம். எனவே எண்ணிக்கையும் வேண்டும், ஆழமும் வேண்டும். 5ஆம் எண்ணும் ஆக இறுக்கமான சோக்கும் பல காலம் இதற்கு விடையாக இருந்தன.

மானுக்கு வரும்போது பங்கு போடும் கணக்கே மாறுகிறது. ஒன்பது கொண்டைக்கடலைகள் 20, 30 யாருக்குள் ஒன்றாகப் போகும். அதற்குமேல் பிரிந்து எதில் படும் என்று யாருக்கும் தெரியாது. தென்கிழக்கு மாநிலங்களின் அடர்ந்த சதுப்புக் காட்டில், நாயை விட்டு விரட்டிச் சுடும் இடங்களில் மட்டும் அதற்கு மரியாதை. மற்ற இடங்களில் பங்கே போடாமல் முழு அவுன்ஸையும் ஒரே குண்டாக வைத்துவிடுவார்கள். ஜெர்மனியின் வில்ஹெல்ம் பிரெனெக்கே 1898இல் செய்ததும், அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் 1930களின் தொடக்கத்தில் செய்ததும் இந்த ஒற்றைக் குண்டுதான். ஃபாஸ்டர் குண்டின் பின்பக்கம் குழிந்து, முன்பக்கம் கனமாக இருக்கும். சுழலாவிட்டாலும் இறகுப் பந்துபோல மூக்கை முன்னால் வைத்துக்கொண்டு போகும். ஊர்கள் நெருங்கிய, தட்டையான இல்லினாய், ஒஹையோ, அயோவா மாநிலங்களில் மானுக்கு ரைஃபிள் கூடாதென்று பல பத்தாண்டுகள் விதி இருந்தது இந்தக் குண்டை நம்பித்தான். ரைஃபிள் குண்டு தவறினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். இது சீக்கிரம் தரையைத் தேடும்.

ரவை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜூர்னே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி சொன்ன விதி இன்றும் செல்லும்: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2,200ஆல் பெருக்கினால் அதிகபட்சத் தூரம் யாரில் வரும். 6ஆம் எண்ணுக்கு 242 யார். கொண்டைக்கடலைக்கு 726 யார். 40 யார் வாத்துக்காகச் சுட்டது அடுத்த வயல் வீட்டின் கூரையில் மழைபோல் விழுவது இதனால்தான்.

இதுவரை பார்த்தது பறவை மேல் பட்ட ரவையின் கணக்கு. எந்த வேட்டைப் புத்தகத்தை எடுத்தாலும் ஓர் அட்டவணை இருக்கும்: இந்தப் பறவைக்கு இந்த எண். எல்லாம் படுகிற மூன்று நான்கு ரவைக்காகப் போட்ட அட்டவணை. ஒரு தோட்டாவில் 225 ரவை, வாத்தின் மேல் பட்டது ஐந்து என்றால் மீதி 220 எங்கே போயின என்று நீண்ட காலம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

கேட்கத் தோன்றாததற்குக் காரணம் ஈயம் அவ்வளவு மலிவு, அவ்வளவு தோது. பிரிஸ்டல் நகரத்துக் குழாய் வேலைக்காரர் வில்லியம் வாட்ஸ் 1782இல் காப்புரிமை வாங்கிய வழி இன்றைக்கும் அழகாகத்தான் இருக்கிறது. உருக்கிய ஈயத்தில் துளி ஆர்சனிக் கலந்து, சல்லடையில் ஊற்றி, உயரத்திலிருந்து விழவிட்டார். விழும் துளியைப் பரப்பு இழுவிசை தானாகவே உருண்டையாக்கும். கீழே தண்ணீர்த் தொட்டி அதை அப்படியே உறைய வைக்கும். அச்சும் வேண்டாம், உருட்டவும் வேண்டாம். சொந்த வீட்டின் கூரைக்குமேல் கோபுரம் கட்டி, தரைக்குக் கீழும் தோண்டி உயரத்தைக் கூட்டிக்கொண்டார் மனிதர். பக்கத்து வீட்டார் என்ன சொன்னார்களோ! பிறகு உலகெங்கும் ரவைக் கோபுரங்கள் எழுந்தன. பால்டிமோரில் 1828இல் கட்டிய 71 மீட்டர்க் கோபுரம் இன்றும் நிற்கிறது.

வேட்டைக்களங்களில் விடாமல் பொழிந்த அந்த ஈயம் சதுப்பு நிலங்களின் சேற்றில் தங்கியது. வாத்துக்குப் பல் கிடையாது. விழுங்கிய தானியத்தை அரைக்க அரைவைப்பையில் கூழாங்கல்லைப் போட்டுவைத்துக்கொள்ளும். தசை இறுகி இறுகி ஆட்டுக்கல்போல அரைக்கும். சேற்றைத் துழாவிக் கல் தேடும் அலகுக்குக் கம்பளவு ஈய ரவையும் கல்தான், தானியமும்தான். உள்ளே போன ரவை கல்லோடு கல்லாக உரசித் தேய, அமிலம் அதைக் கரைக்க, ஈயம் ரத்தத்தில் ஏறும். ரத்தச் சிவப்புக்கு வேண்டிய நொதிகளை முடக்கும். நரம்பைத் தாக்கும். குடல் அசைவு நின்று, தொண்டை வரை தீனி அடைத்திருக்கும்போதே பறவை பட்டினியால் மெலியும். இறக்கைகள் கூரைபோலத் தொங்கிவிடும். சில வாரங்களில் மரணம். மக்காச்சோளம் தின்று வாழும் வாத்துக்கு ஒரே ஒரு ரவைகூடப் போதுமானதாக இருக்கலாம்.

கூட்டமாகச் செத்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். இது ஒன்று இரண்டாகப் புதருக்குள் ஒதுங்கிச் சாகும் சாவு. காலையில் நரியும் கழுகும் தடயத்தைத் துடைத்துவிடும். ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் என்ற இயற்கை எழுத்தாளர் 1894இலேயே இதைப் பற்றி எழுதினார். ஆனால் கணக்குப் போட்டுக் காட்டியவர் இல்லினாய் இயற்கை வரலாற்று ஆய்வகத்தின் ஃபிராங்க் பெல்ரோஸ். ஆயிரக்கணக்கான அரைவைப்பைகளை அறுத்துப் பார்த்தார். ரவை ஊட்டிய வாத்துகளுக்கு வளையம் மாட்டி விட்டு, எத்தனை வளையங்கள் திரும்பி வந்தன என்று பார்த்தார். 1959இல் அவர் வெளியிட்ட முடிவு: வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் ஈய நஞ்சால் சாகின்றன. தலைக்கணக்கில் 16 லட்சத்திலிருந்து 24 லட்சம். துப்பாக்கி தவறவிட்ட வாத்தைச் சேறு பிறகு பிடித்துக்கொண்டிருந்தது.

நம் பக்கமும் இதற்கு ஒரு கல்வெட்டு உண்டு. பரத்பூர் கேவலாதேவ் பறவைகள் சரணாலயத்தில், மன்னர்கள் விருந்தாளிகளோடு சுட்ட பறவைகளின் எண்ணிக்கையைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்த ஒரே நாளில் 4,273 பறவைகள். ஒரு பறவைக்கு ஒரே தோட்டா, தோட்டாவுக்கு ஓர் அவுன்ஸ் என்று ஆகக் குறைவாகப் போட்டாலும் 121 கிலோ ஈயம். ஒரே ஏரி, ஒரே நாள். கல்லில் வெட்டியது விழுந்த பறவைகளைத்தான்.

பெல்ரோஸுக்குப் பிறகு முப்பது ஆண்டு இழுத்தது. ஈயத்துக்குப் பதில் இரும்பு என்றதும் வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள். இரும்பு ரவை வாத்தைக் கொல்லாது, காயப்படுத்தி மட்டும் விடும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நெடுநாள் 4ஆம் எண் ஈயம் போட்டவர்கள், பழக்க தோஷத்தில் 4ஆம் எண் இரும்பை வாங்கிப் போட்டு, அதே தூரத்தில் சுட்டார்கள். ஈயத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 11 மடங்கு. இரும்பு 8 மடங்குகூட இல்லை. அதே அளவு, எடை மட்டும் மூன்றில் இரண்டு பங்கு. நெல்லுக்குப் பதில் பதரைத் தூற்றினால் எங்கே விழும்?

விடை எண்ணில்தான் இருந்தது. இரண்டு எண் இறங்க வேண்டும். 4ஆம் எண் ஈய ரவை ஒன்று 0.21 கிராம், 2ஆம் எண் இரும்பு ரவை 0.23 கிராம். எடை சரியாகிவிட்டது. ஆனால் இரும்பின் முகம் அகலம், காற்று கூடுதலாகப் பிடிக்கும். அதை ஈடுகட்ட நொடிக்கு 430, 450 மீட்டர் என்று வேகத்தை ஏற்றினார்கள். இடமும் அதிகம் பிடிக்கிறதே என்று 1988இல் மூன்றரை அங்குலத் தோட்டாவே வந்தது. இன்னொரு பக்கம் இரும்பு நசுங்காது. உருண்டை உருண்டையாகவே போவதால் கூட்டம் கலையாது. ஆகவே முழுச் சோக் தேவையில்லை, நடுத்தரமே போதும். முழுச் சோக் ஆபத்தும்கூட: கெட்டியான ரவை இறுக்கத்தில் முட்டிக் குழல் முனையை வீங்க வைத்துவிடும். தாத்தா காலத்து மெல்லிய குழலில் இரும்பைப் போட்டுக் கெடுத்தவர்கள் அந்நாட்டில் நிறையப் பேர்.

இதெல்லாம் கற்றபின் கொதிப்பு அடங்கியது. இரும்பு மட்டம் என்று சொன்ன பலரும் உண்மையில் 60 யாரில் சுட்டுக்கொண்டிருந்தவர்கள். ஈயமானாலும் அது சுடக்கூடாத தூரம். என் கணிப்பில் இரும்பு வந்ததால் நடந்த பெரிய நல்லது வேட்டைக்காரர்களைக் கிட்டே வரச் செய்ததுதான்.

அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை 1987இலிருந்து படிப்படியாகக் குறைந்து, 1991இல் நாடு முழுக்கத் தடையானது. செத்த வாத்தையும் காயம்பட்ட வாத்தையும் தின்ற வெள்ளைத்தலைக் கழுகு, அதுவும் தேசியச் சின்னம், ஈயத்தால் செத்தது அந்தத் தடையை விரைவுபடுத்தியது. டென்மார்க் 1996இல் வயல், காடு என்று எல்லா இடத்துக்கும் தடை போட்டது. கனடா 1999இல் வலசைப் பறவைகள் விஷயத்தில் சேர்ந்துகொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரியிலிருந்து சதுப்பு நிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈய ரவை கூடாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்குமே ஈயம் கிடையாது. அங்கே காரணம் வாத்தல்ல, வேட்டையாடிய விலங்கின் மிச்சத்தைத் தின்று செத்துக்கொண்டிருந்த காண்டோர் கழுகு.

இரும்பு பிடிக்காதவர்களுக்கு மாற்று இருக்கிறது, பர்ஸ் தாங்கினால். தனிம அட்டவணையில் ஈயம் 82, அடுத்த வீடு 83 பிஸ்மத். ஒரே ஒரு புரோட்டான் கூட. ஒன்று நஞ்சு, மற்றது வயிற்று மருந்தில் சேரும் சரக்கு. அடர்த்தி ஈயத்துக்குச் சற்றே குறைவு. மென்மையானது, பழைய குழலுக்கும் ஆகும். தாத்தாவின் துப்பாக்கியை விட மனமில்லாதவர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள். இன்னொன்று, பழைய குண்டு பல்பின் இழையாக நமக்குத் தெரிந்த டங்ஸ்டன். அதன் கலவை ரவையின் அடர்த்தி 18. வான்கோழிக்காரர்களுக்கு இது வரம்: கடுகளவு 9ஆம் எண் டங்ஸ்டன் ரவை, ஆழம் இறங்குவதில் 4ஆம் எண் ஈயத்துக்குச் சமம். ஓர் அவுன்ஸில் 4ஆம் எண் ஈயம் 135தான் வரும், இது 360. எண்ணிக்கைக்கும் எடைக்கும் நடந்த இழுபறியில் முதன்முறையாக இரண்டு பக்கமும் ஜெயித்தது. விலைதான் ஒரு தோட்டாவுக்கே பல டாலர்.

ஈயம் நின்றதால் பலன் உண்டா என்று பார்த்தவர்களும் இல்லினாய்க்காரர்களே. 1996, 1997 பருவங்களில் மிசிசிப்பி வலசைப் பாதையில் வேட்டையான வாத்துகளின் அரைவைப்பைகளை, பெல்ரோஸ் செய்ததுபோலவே, அறுத்துப் பார்த்தார்கள். சேற்றில் பழைய ஈயம் இன்னும் கிடந்தாலும், வாத்துகள் விழுங்கியிருந்ததில் பெரும் பகுதி இப்போது இரும்பு. மல்லார்ட்களில் ஈய நஞ்சுச் சாவு 64 சதவீதம் குறைந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். 1997 இலையுதிர் காலத்தில் தெற்கே பறந்த ஒன்பது கோடி வாத்துகளில் 14 லட்சம், ரவை ஈயமாகவே இருந்திருந்தால் அந்த வானத்துக்கு வந்திருக்கவே முடியாதவை.